அண்ணனின் தாடியும் தங்கையின் சோப்பும்

ஜோகூர் பாரு
11.2.1936

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீங்கள் சுகமா என்று இந்த முறை கேட்கப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை என் கண்ணாலேயே பார்த்தேன், அது போதும்.

வெள்ளையம்மா வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். காரணம் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை. பெண் பார்க்க வருகிற மனிதர் நான்கு நாள் தாடியோடு வந்தால் பரவாயில்லை என்று விடலாம். உங்கள் தாடிக்கு எத்தனை வருஷம் என்று யாருக்கும் தெரியாது. வெற்றிலைச் சிவப்பு உதட்டிலிருந்து தாடி வரை இறங்கியிருந்தது. நீங்கள் உள்ளே வந்ததும் வீடெல்லாம் ரப்பர் ஷீட் புகைபோடும் கொட்டகை மாதிரி நாறியது. என் வீட்டுக்காரர் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார். காற்றுக்காகத் திறந்தேன் என்று உங்களிடம் பொய் சொன்னார். அவர் தைத்துக் கொடுத்த வெள்ளைச் சட்டை எங்கே என்று கேட்டதற்கு, "பெட்டியில பத்திரமா இருக்கு" என்றீர்கள். சட்டையைப் பெட்டிக்கா தைத்தார்?

அதோடு விட்டீர்களா? தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பாதி முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்தீர்கள். அந்தப் பெண் காப்பி கொண்டுவந்து வைத்து இரண்டு கேள்வி கேட்டாள். இரண்டுக்கும் சுவரைப் பார்த்துப் பதில் சொன்னீர்கள்.

அண்ணே, இந்தச் சீமையில் நம் ஆட்களில் பெண்கள் குறைவு. ஒரு பெண்ணுக்கு எத்தனையோ பேர் வந்து கேட்கிறார்கள். அவள் பெரிய ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டில் ஆயாவாக இருக்கிறாள், தன் கையால் சம்பாதிக்கிறாள். ஊருக்குப் போன புருஷன் அங்கேயே செத்துப்போன பிறகு, மறுபடி கட்டினால் நல்லவனாகப் பார்த்துக் கட்டுவேன் என்று இருக்கிறவள். அப்படிப்பட்டவளை நான் எவ்வளவு கெஞ்சி வரவழைத்தேன் தெரியுமா?

லாரி ஓட்டும் காளியப்பனிடம் ஒரு பொட்டலம் கொடுத்திருக்கிறேன். சோப்பு, பல்பொடி, சீப்பு, கண்ணாடி இருக்கின்றன. எதை எதற்கு உபயோகிப்பது என்று எழுத வேண்டுமா?

கோபத்துடன்,
அங்கம்மா


உலு திராம்
19.2.1936

தங்கச்சி அங்கம்மாவுக்கு வேலு எழுதுவது.

பொட்டலம் வந்தது. கண்ணாடியைக் காளியப்பனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவன் லாரியில் மாட்டிக்கொள்ளட்டும். என் வீட்டில் கண்ணாடி வைத்துக்கொள்கிற வழக்கம் இல்லை.

நீ கடிதம் எழுதினாயா, போலீஸ் ரிப்போர்ட் எழுதினாயா? எனக்கு முப்பத்தாறு வயது. புகைக் கொட்டகையில் வேலை செய்கிறவன் மல்லிகைப்பூ மாதிரியா மணப்பான்? விறகுப் புகை தோலுக்குள் போய்விட்டது. தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் இப்படித்தான் இருக்கிறார்கள், யாரும் மூக்கைப் பிடிப்பதில்லை.

தாடியைப் பற்றி நீ எழுதினதால் சொல்கிறேன், இதற்குமேல் கேட்காதே. எனக்கு அம்மை போட்டது கப்பலை விட்டு இறங்கி நோய்ச் சோதனைக்காகத் தீவில் அடைத்து வைத்திருந்தபோது. நீ அப்போது பிறக்கவில்லை. அந்தத் தீவுக் கொட்டகையை விட்டு வெளியே வந்த அன்றைக்கு அம்மா என்னைப் பார்த்துவிட்டு வேறு யாரையோ தேடினாள். என்னை அடையாளம் தெரியவில்லை. தாடி முளைத்த வருஷம்தான் நான் தலை நிமிர்ந்தேன். கன்னத்துக் குழியெல்லாம் அதற்குள் போயிற்று. நெற்றியும் மூக்கும்தான் மிச்சம், அதற்குத் துண்டு.

சோப்புப் போட்டால் குழி தூர்ந்துவிடுமா? அந்தப் பெண் வேண்டாம் என்றது நியாயம். அவள்மேல் எனக்கு வருத்தமில்லை. உன்மேல்தான். என்னைக் கூட்டிப் போய் நடு வீட்டில் உட்கார வைத்தாயே.

மாப்பிள்ளை தங்கராஜுவுக்குச் சொல், ஜன்னல் விஷயம் எனக்கு அப்போதே தெரியும்.

வேலு


ஜோகூர் பாரு
3.3.1936

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். பிறகு எரிச்சல் வந்தது. இதை ஏன் இத்தனை வருஷமாக என்னிடம் சொல்லவில்லை?

அப்பாவும் அம்மாவும் காய்ச்சலில் போன பிறகு என்னைத் தூக்கி வளர்த்தது இந்த முகம்தான். எனக்குச் சோறு ஊட்டினது, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினது, கல்யாணம் செய்து வைத்தது. அதில் தழும்பு இருக்கிறது என்பதே எனக்கு ஞாபகம் வருவதில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். தாடி எதையும் மறைக்கவில்லை. குழி இருக்கிற இடத்தில் மயிர் முளைக்காமல் திட்டுத் திட்டாக இருக்கிறது. பார்க்கிறவர்கள் தழும்பைப் பார்ப்பதில்லை, இந்த மனிதர் எதை மறைக்கிறார் என்றுதான் பார்க்கிறார்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். குழந்தைக்கு அம்மை குத்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். வெள்ளையம்மாவைப் பார்த்தேன். மனசு கேட்கவில்லை. என் அண்ணன் முகம் பிடிக்கவில்லையா என்று நேராகவே கேட்டுவிட்டேன். அவள் கோபப்பட்டாள்.

"முகத்துக்கு என்ன? நான் தினமும் எத்தனை முகத்தைத் துடைச்சு விடறேன், வெந்தது, வெட்டுப்பட்டது எல்லாம். உங்க அண்ணன் என்னை ஒரு தடவைகூடப் பார்க்கலை. தன்னைக் குப்பைன்னு நினைச்சிட்டு உட்கார்ந்திருந்தாரு. அந்த மாதிரி ஆளைக் கட்டினா, நீ குப்பை இல்லை, நீ குப்பை இல்லைன்னு ஆயுசு பூரா நான் சொல்லிட்டே இருக்கணும். அதுக்கு எனக்குத் தெம்பு இல்லை."

கேட்டுக்கொண்டீர்களா? இன்னொரு தடவை வந்து பேசட்டும் என்று அவளைச் சம்மதிக்க வைத்திருக்கிறேன். பதினைந்தாம் தேதி ஞாயிறு. நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. குளித்துவிட்டு வாருங்கள். பல் விளக்கி, அந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாருங்கள். அவள் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். இவ்வளவுதான்.

அங்கம்மா


உலு திராம்
10.3.1936

தங்கச்சிக்கு,

வருகிறேன். நீ ஒன்றும் கவலைப்பட வேண்டாம். எல்லா ஏற்பாடும் நடக்கிறது. நம் தோட்டத்து நாடகத்தில் ராஜா வேஷம் கட்டுகிற கனகராஜைத் தெரியுமல்லவா? அவனிடம் விஷயத்தைச் சொன்னேன். அழகு என்பது ஒரு வித்தை, அது தன் கையில் இருக்கிறது என்கிறான். சிங்கப்பூரிலிருந்து அவன் வாங்கி வைத்திருக்கிற சாமான்களை நீ பார்க்க வேண்டும். கோட்டு ஒன்றும் தருகிறான். பூட்ஸும் தருகிறான், கொஞ்சம் கடிக்கிறது.

இந்த முறை உன் ஜன்னலைத் திறக்க வேண்டியிருக்காது.

வேலு


ஜோகூர் பாரு
17.3.1936

அண்ணனுக்கு,

நான் என்ன கேட்டேன், நீங்கள் என்ன செய்தீர்கள்?

குளித்துவிட்டு வரச் சொன்னேன். கன்னத்தில் அரை அங்குலத்துக்குப் பவுடர் அப்பச் சொன்னேனா? தாடிக்கு விளக்கெண்ணெயும் விளக்குக் கரியும் குழைத்துப் பூசச் சொன்னேனா? பஸ் வழியில் தெப்ராவில் நின்றுபோனது உங்கள் குற்றமில்லை, ஒப்புக்கொள்கிறேன். அந்த வெயிலில், அந்தக் கோட்டில், கடிக்கிற பூட்ஸில் நடந்து வந்தால் என்ன ஆகும்? வாசலில் நீங்கள் நின்றபோது வெள்ளை கீழே வழிந்துகொண்டிருந்தது, கறுப்பு, சட்டைக் காலரில் இறங்கியிருந்தது. என் குழந்தை பார்த்துவிட்டு வீறிட்டது. என் வீட்டுக்காரர் கடைக்குள் போய்த் தையல் மெஷினை மிதிக்க ஆரம்பித்தார். ஊசியில் நூல் இல்லை. சிரிப்பை அடக்கத்தான்.

வெள்ளையம்மா சிரிக்கவில்லை, அதைக் கவனித்தீர்களா? உள்ளே போய்த் துணியை நனைத்துப் பிழிந்து கொண்டுவந்து உங்கள் கையில் கொடுத்தாள். "முகத்தைக் கழுவிட்டு வாங்க, பேசலாம்" என்றாள். வேறு யார் அப்படிச் சொல்வார்கள்? நீங்களோ அந்தத் துணியை நாற்காலியில் போட்டுவிட்டு, "கழுவினா நீங்க பேச மாட்டீங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனீர்கள். ஆக்கி வைத்த சோறு அப்படியே இருந்தது. அவளும் சாப்பிடவில்லை. கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனாள்.

உங்களை வைத்துக்கொண்டு நான் என்னதான் செய்வது? அழுக்கிலே ஒளிந்தீர்கள். அழுக்கை விடச் சொன்னால் பவுடரில் ஒளிகிறீர்கள். இனி யாரிடம் போய் நான் என் அண்ணனுக்குப் பெண் கேட்பேன்?

அங்கம்மா


உலு திராம்
21.3.1936

அங்கம்மாவுக்கு,

யாரிடமும் கேட்க வேண்டாம். எனக்குக் கடிதமும் எழுத வேண்டாம்.

வேலு


ஜோகூர் பாரு
19.5.1936

அண்ணனுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். இரண்டு மாதம் எழுதாமல் இருந்தேன். இதற்குமேல் முடியாது, கோபித்தாலும் சரி.

மூன்று முறை பலகாரம் கொடுத்தனுப்பினேன். பாத்திரம் கழுவித் திரும்பி வந்தது, ஒரு வரி வரவில்லை. தோட்டத்தில் ஏதோ தகராறு, நீங்கள் துரை பங்களாவுக்குப் போனீர்கள் என்று பாசார் கடைகளில் பேசிக்கொண்டார்கள். வேலையை விட்டுத் துரத்திவிட்டார்களோ, ஊருக்குக் கப்பலேற்றி விடுவார்களோ என்று பயந்தேன். நேற்று காளியப்பனைப் பிடித்துக் கேட்டால் அவன் சிரிக்கிறான். "அலமாக், உங்க அண்ணனை இப்ப பார்த்தா உங்களுக்கே தெரியாது லா. தாடி இல்லை" என்கிறான்.

தாடி இல்லையா? இதை லாரிக்காரன் சொல்லியா நான் தெரிந்துகொள்ள வேண்டும்? அங்கே என்ன நடக்கிறது?

அங்கம்மா


உலு திராம்
26.5.1936

தங்கச்சிக்கு,

உன் தொந்தரவு தாங்காமல் எழுதுகிறேன்.

அன்றைக்கு உன் வீட்டிலிருந்து லயத்துக்கு வந்து சேர்ந்தேன். முகத்தில் அந்தக் குழம்பு காய்ந்து இழுத்துக்கொண்டிருந்தது. தண்ணீர் ஊற்றினால் போகவில்லை. வேறு வழியில்லாமல் உன் சோப்பை எடுத்தேன். கன்னத்தில் பவுடர் போயிற்று. தாடியில் எண்ணெயும் கரியும் பவுடரும் சேர்ந்து களிமண் மாதிரி பிடித்துக்கொண்டது, சீப்பும் இறங்கவில்லை. ஆத்திரத்தில் கத்தியை எடுத்து வழித்து எறிந்தேன். அப்படியே தலையிலிருந்து கால் வரைக்கும் தேய்த்துக் குளித்தேன். சொன்னால் சிரிப்பாய். கன்னத்தில் காற்றுப் பட்டது. எத்தனை வருஷமாயிற்று என்று எனக்கே தெரியவில்லை. அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன். அந்தச் சுகத்துக்காக மறுநாளும் குளித்தேன். உனக்காகவும் இல்லை, பெண்ணுக்காகவும் இல்லை. வெற்றிலையும் தானாகக் குறைந்தது. விளக்கின பல்லில் அதன் காறல் பிடிக்கவில்லை.

அதற்குள் குழாயில் தண்ணீர் நின்றுபோனது. பம்ப் பழுது, இருக்கிற தண்ணீர் ரப்பர் பால் உறைய வைக்க மட்டும்தான் என்றார்கள். நாங்கள் பால் உறைய வைக்கிற ஸ்டோரிலிருந்து கழிவு ஓடுகிற வாய்க்காலில் குளித்தோம். அதில் ஆசிட் கலந்திருக்கிறது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் உடம்பெல்லாம் சொறி. கணக்கு எழுதும் கிராணியிடம் போய்ச் சொன்னால், கித்தா மரத்தில் பால் வெட்டுகிறவர்களுக்கு வாசனைக் குளியல் கேட்கிறதா என்றான். எனக்கு வந்த கோபம் உன்மேல்கூட வந்ததில்லை. முன்பெல்லாம் அந்த மாதிரி பேச்சுக்கு நான் தலையைக் குனிந்துகொண்டு போயிருப்பேன்.

மறுநாள் மாப்பிள்ளை தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு பங்களாவுக்குப் போனேன். லயத்து ஆட்கள் பின்னால் வந்தார்கள். துரைக்குத் தமிழ் தெரியும், ஒரு மாதிரிப் பேசுவார். என்ன வேண்டும் என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பேசினேன்.

"நாள் பூரா புகையில நிக்கறேன் துரை. குளிச்சாத்தான் நானும் ஒரு மனுஷன்னு எனக்கே தெரியுது. எங்க எல்லாருக்கும் தண்ணி வேணும்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். பிறகு கிராணியைக் கூப்பிட்டு இங்கிலீஷில் ஏதோ கத்தினார். பம்ப் இன்னும் முழுக்கச் சரியாகவில்லை. சாயங்காலம் மட்டும் லயத்துக்குத் தண்ணீர் விடுகிறார்கள். அந்தக் கிராணி என்னைப் பார்த்தால் பல்லைக் கடிக்கிறான். கடிக்கட்டும்.

பங்களாவிலிருந்து திரும்பி நடக்கும்போதுதான் என் முகம் எனக்கு ஞாபகம் வந்தது. அத்தனை பேர் முன்னாலும் துண்டு இல்லாமல் நின்றிருக்கிறேன்.

பலகாரத்தில் உப்பு அதிகம்.

வேலு


ஜோகூர் பாரு
7.7.1936

அண்ணனுக்கு,

உங்களுக்கு நியாயம் என்று ஒன்று உண்டா?

துரையிடம் பேசினதைப் படித்தபோது நெஞ்சு நிறைந்து போனது. தெருவில் எல்லோரிடமும் படித்துக் காட்டினேன். அப்படிப்பட்ட அண்ணன் என்ன செய்திருக்கிறார் பாருங்கள். மூன்று ஞாயிற்றுக்கிழமை ஜோகூர் பாருவுக்கு வந்திருக்கிறார். ஆஸ்பத்திரி வாசலில் நின்று வெள்ளையம்மாவோடு பேசியிருக்கிறார். கடற்கரை ஓரம் நடந்திருக்கிறார். தங்கை வீடு கூப்பிடு தூரத்தில் இருக்கிறது, எட்டிப் பார்க்கவில்லை. எனக்கு இதைச் சொன்னது பக்கத்து வீட்டு மீன்காரி. யாரோ வெள்ளைச் சட்டைக்காரர் வெள்ளையம்மாவோடு போகிறார் என்றாள். எவனோ ஒருவன் அவளைக் கொத்திக்கொண்டு போய்விட்டானே என்று நான் இரண்டு நாள் வயிறெரிந்து கிடந்தேன். முகத்தில் அம்மைத் தழும்பு என்று அவள் சொன்ன பிறகுதான் அது நீங்கள் என்று தெரிந்தது.

உங்களுக்காக அவள் கால் பிடிக்காத குறையாகக் கெஞ்சினவள் நான். என்ன பேசினீர்கள், என்ன முடிவு என்று ஒரு வார்த்தை எனக்குச் சொல்லக் கூடாதா?

அங்கம்மா


உலு திராம்
13.7.1936

தங்கச்சிக்கு,

உன் வீட்டுக்கு வந்தால் நீ பக்கத்தில் உட்கார்ந்து, நிமிர்ந்து உட்காருங்கள், சிரியுங்கள், பார்த்துப் பேசுங்கள் என்று கண்ணைக் காட்டிக்கொண்டே இருப்பாய். அதனால்தான் வரவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அன்றைக்கு அவள் நல்ல மனதோடு கொடுத்த துணியை நான் எறிந்துவிட்டு வந்தது உறுத்திக்கொண்டே இருந்தது. வாசலில் நின்றேன். வேலை முறை முடிந்து வெளியே வந்தாள். என்னைத் தாண்டிப் போனாள், அடையாளம் தெரியவில்லை. கூப்பிட்டேன். "முகத்தைக் கழுவிட்டு வந்துட்டேன், பேசலாமா?" என்றேன்.

நின்று என்னைப் பார்த்தாள். நன்றாக, அவசரமில்லாமல் பார்த்தாள். நான் தலையைத் திருப்பவில்லை. "மூணு மாசமாவா கழுவினீங்க?" என்றாள்.

அதற்குப் பிறகு பேச்சு சுலபமாகிவிட்டது. அன்று உன் வீட்டில் கேட்ட அதே இரண்டு கேள்வியைத் திரும்பக் கேட்டாள். உங்களுக்கு என்ன பிடிக்கும், எதற்குக் கோபம் வரும் என்று. பிடித்தது எது என்று யோசித்துச் சொன்னேன். கோபத்துக்கு உன் பெயரைச் சொன்னேன். சிரித்தாள். தன் கையை நீட்டிக் காட்டி, எவ்வளவு கழுவினாலும் இந்த ஃபினாயில் வாடை போகாது, உங்களால் பொறுக்க முடியுமா என்று கேட்டாள். என் புகையை நீங்கள் பொறுத்தால் நானும் பொறுப்பேன் என்றேன்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை கேட்டிருக்கிறேன், கிடைக்கும் போலிருக்கிறது. ஆவணியில் தேதி பார்க்கலாம் என்கிறாள். பெரிய செலவு வேண்டாமாம். கனகராஜ் மாப்பிள்ளை அலங்காரத்துக்கு வருகிறேன் என்கிறான். அவனைத் தடுக்கிறது உன் பொறுப்பு.

வேலு


ஜோகூர் பாரு
22.9.1936

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

கல்யாணத்துக்கு மறுநாள் இங்கே கடைத்தெருவில் எடுத்த போட்டோ வந்துவிட்டது. பெரியதாகப் போட்டு, கண்ணாடிச் சட்டம் போட்டுக் காளியப்பனிடம் கொடுத்தனுப்புகிறேன். உடையாமல் வரவேண்டும் என்று வைக்கோல் வைத்துக் கட்டியிருக்கிறேன். எவ்வளவு அழகாக வந்திருக்கிறது தெரியுமா? அண்ணி ராணி மாதிரி இருக்கிறாள். போட்டோக்காரர் நல்ல மனிதர். நாங்கள் கேட்காமலே பென்சிலால் தொட்டுத் தொட்டு அண்ணன் முகத்தைச் சுத்தமாக வழுவழுவென்று செய்து கொடுத்துவிட்டார். ஒரு குழிகூட இல்லை. அதற்குத் தனியாகக் காசும் வாங்கவில்லை. கல்யாண மாப்பிள்ளைக்குத் தான் கொடுக்கும் பரிசு என்றார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் கண்ணில் படுகிற இடத்தில் மாட்டுங்கள்.

அங்கம்மா


உலு திராம்
28.9.1936

தங்கச்சிக்கு,

படம் உடையாமல் வந்தது. அதை உடனே திருப்பி அனுப்புகிறேன், வைக்கோல்கூடப் பிரிக்காத மாதிரி கட்டியிருக்கிறேன்.

உன் அண்ணி சட்டத்தைக் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "நான் நல்லா இருக்கேன். பக்கத்துல நிக்கிறது யாரு?" என்றாள். வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். படத்தைப் பிடிக்காத சோறு மாதிரி ஒதுக்கி வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். லயத்தில் படம் கைமாறிக் கைமாறிப் போயிற்று. சட்டையை வைத்துத்தான் என்னைக் கண்டுபிடித்தார்கள். கனகராஜ் ஒருவன்தான் பிரமாதம் என்றான்.

நான் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். நல்ல அழகன், சந்தேகமில்லை. ஆனால் அவன் தீவில் கிடக்கவில்லை. உன்னை வளர்க்கவில்லை. துரை முன்னால் நிற்கவில்லை. வெள்ளையம்மா கட்டிக்கொண்டது அவனை இல்லை. என் வீட்டுச் சுவரில் அவனுக்கு என்ன வேலை?

எவ்வளவு பாடுபட்டு ஒளிவதை விட்டேன், இப்போது யாரோ ஒரு பென்சில்காரன் என்னை மறைத்துவிட்டுப் பரிசு என்கிறான். நீயும் அதைச் சந்தோஷமாக வாங்கி வந்திருக்கிறாய். உங்களோடு எனக்குப் பெரிய தலைவலி.

வருகிற ஞாயிறு இரண்டு பேரும் வருகிறோம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் தயாராக இருங்கள், எல்லோரும் சேர்ந்து வேறு படத்துக்கு நிற்கலாம். அந்தப் போட்டோக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவை. அவர் என்னைத் திரைச்சீலை ஓரமாக நிழலில் நிறுத்தப் பார்ப்பார். ஜன்னலைத் திறக்கச் சொல். வெளிச்சம் என் முகத்தில் நேராக விழ வேண்டும்.

வேலு